போ என்று மட்டும் சொன்னேன்

மகன், உனக்கும் உன்னோடு அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சலாம். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து இது மூன்றாவது நாள். முதல் நாள் சலாம் எழுதியதோடு பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் உன் உம்மா வந்து எட்டிப் பார்த்து, "என்ன, பள்ளிக்கூடப் புள்ள மாதிரி பேனாவக் கடிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்து தாளைக் கிழித்துப் போட்டேன். இன்று எழுதியே ஆக வேண்டும், நாளை மறுநாள் நம் வெள்ளைக்கார நோனா அங்கே திரும்புகிறார். இது அவருடைய கைப்பையில் வந்து உன் கையில் சேரும். போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நான்கு வருடமாக நமக்குள் போனில் நடக்கிற கதை உனக்கே தெரியும். "சாப்பிட்டியா?" "ஓம் வாப்பா." "அங்க குளிரா?" "ஓம் வாப்பா." அதோடு போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

இந்த முறை நோனா வாடைக் காலத்தில் வந்து நின்றதே முதல் திடுக்கீடு. அவர் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றோடு வருகிறவர். யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் கேட்டு அலைந்த தொல்லை ஒழிந்து, வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைக் காற்றில் விட்டு, அவை இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவதற்காக நம் களப்புக்கு வரத் தொடங்கிய காலத்திலிருந்து நான் அவரைப் பார்க்கிறேன். நான் படகை விட்டுவிட்டு அவர்கள் தங்குகிற கபானாவில் சமையலுக்குச் சேர்ந்த வருடம்தான் அவரும் முதன்முதலில் வந்தார். வலது காலை இழுத்து இழுத்து மணலில் நடப்பார். பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறிவிட்டால் மட்டும் அந்த நொண்டல் எங்கே போனதென்றே தெரியாது. மற்றவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இவர் குசினிக்குள் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, உன் உம்மாவோடு சேர்ந்து மீன் செதிள் உரிப்பார். நீ போன பிறகு நான்கு சோளகம் வந்து போய்விட்டது, அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்து பாரை மீனை வெட்டிக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால், தலை முழுக்க நரைத்து, கையில் ஊன்றுகோலோடு நோனா. "நானா, பசி" என்றார். ஊர் ஆட்கள் என்னை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே பழகியவர். கத்தி என் கையிலிருந்து நழுவிவிட்டது.

சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு உன் ராத்தாவுக்கு ஆள் அனுப்பினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறவள், வீட்டுக்கும் ஒருநாள் உதவட்டும் என்று. பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தாள். நோனா சாப்பிட்டுக்கொண்டே பேசினார். ராத்தாவின் முகம் மாறிக்கொண்டே போனது.

"வாப்பா, தம்பி ஹோட்டல்ல மட்டும் வேல செய்யல்லயாம்" என்றாள்.

"அப்ப வேற என்ன செய்றானாம்?"

"காலையில ஹோட்டல் வேல. மத்த நேரமெல்லாம் மலையில சறுக்கப் பழகுறானாம். வாற மாசம் போட்டியில இறங்கப் போறானாம்."

"எதுக்குள்ள இறங்கப் போறான்?"

"மலையில இருந்து, வாப்பா. கீழ. நோனாட்ட பழகின ஆக்கள்ள இந்த முற தம்பியத்தான் தெரிவு செஞ்சிரிக்காம். ஆனா ஒங்கட சொல்லு வந்தாத்தான் இறங்குவேன் எண்டு நிக்கிறானாம். அதக் கேட்டுக்கிட்டுப் போகத்தான் நோனா வந்திரிக்கிறா."

ஒரு சொல்லுக்காக அந்தக் காலை இழுத்துக்கொண்டு இரண்டு விமானம் ஏறி வந்திருக்கிறார். நீ ஹோட்டலில் கோப்பை கழுவுகிறாய் என்று நான் நான்கு வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வீட்டில் இருந்த காலத்தில் ஒருநாள், "வாப்பா, நோனா பனிச்சறுக்கு சாம்பியன்" என்று சொன்னது நினைவிருக்கிறதா? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குத் தெரிந்த பனி, வாடைக் காலத்துக் காலையில் வெங்காயத் தாளில் நிற்கிற பனி. வெயில் ஏறினால் போய்விடும். அதில் சறுக்குவதற்கு ஒரு பரிசா? சறுக்கினால் நம் ஊரில் சிரிப்பார்கள், மாலை போடமாட்டார்கள். பாவம், பனி ஈரத்தில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட மனுசி, பிள்ளை மரியாதைக்காகச் சாம்பியன் என்கிறான் என்று நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். மீன் சந்தையிலும் பள்ளிவாசலடியிலும் அப்படியே சொல்லிச் சிரித்தேன். உன் உம்மா பரிதாபப்பட்டு அந்த முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவினாள். "இனிமே பனி நேரத்துல வெளிய இறங்காதீங்க" என்று கைச்சாடையில் புத்தியும் சொன்னாள். நோனா நல்ல பிள்ளை போலத் தலையாட்டினார். அந்த ஆட்டத்தில் உலகத்திலேயே முதலாவதாக வந்த பெண்ணுக்கு உன் உம்மா சொன்ன புத்தி அது.

அஸருக்கு முன்னால், மீன் வெட்டிய மேசையில் வைத்து, ராத்தாவின் போனில் எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் உன்னைக் காட்டினார்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டு, நெஞ்சில் இலக்கம் ஒட்டிய ஒருவன் வெள்ளைச் சரிவில் குந்தியபடி வருகிறான். "இது யாரு?" என்று கேட்டேன். "அந்தக் குந்துறதப் பாருங்க வாப்பா" என்றாள் ராத்தா. படகின் முன்பக்க அணியத்தில் நீ குந்தியிருப்பது அப்படித்தான், இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து. உன்னை அடையாளம் கண்டதும் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது சறுக்குவது இல்லை மகன், அது விழுவது. நின்றபடி விழுகிறீர்கள், அவ்வளவுதான். புத்தளம் வீதியில் இரண்டு பஸ்கள் போட்டி போட்டு ஓடினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓதுகிறவன் நான். நீ அதைவிட வேகமாக, பஸ்ஸும் இல்லாமல் வருகிறாய்.

பிறகு நோனாவின் பழைய வீடியோவைப் பார்த்தேன். அதில் அவருக்கு நம் ராத்தாவின் வயது இருக்கும். மலையடிவாரம் முழுக்கச் சனம், கொடி, மணிச் சத்தம். ஒரு மேடையில் நின்று பதக்கத்தைக் கடித்துக்கொண்டு அழுகிறார். பதினாறு வயதில் தொடங்கி முப்பது தாண்டும் வரை மலை மலையாக இறங்கியவராம். அவருடைய ஊரில் கம்பியில் தொங்கும் கதிரைகளில் ஏறித்தான் மலைக்குப் போவார்களாம், அந்தக் கம்பிப் பாதைக்கே அவருடைய பெயராம். கால் பழுதான பிறகு, பனியையே காணாத நாட்டுப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குகிற ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாராம். அதில் ஒருவனாகத்தான் உன்னை அழைத்திருக்கிறார். ராத்தா வாசிக்க வாசிக்க, நோனாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நான் மீன் ஆணச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புக் கூடிவிட்டது என்று ஒருமுறை சொன்னதற்கு, "ருசியாச் சாப்பிடணுமெண்டா கொழும்புக்குப் போங்க" என்று இந்த மனுசியிடம்தான் நான் சத்தம் போட்டிருக்கிறேன். ஏன் இதையெல்லாம் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னேன். தன் நாட்டில் எங்கே போனாலும் கடைசியாக விழுந்ததைத்தான் கேட்பார்களாம். இங்கே உம்மா எண்ணெய் தடவும்போது என்ன நடந்தது என்று கேட்டாளாம், இவர் "சறுக்கிட்டேன்" என்று தமிழில் சொன்னாராம், உம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையாம். அது தனக்குப் பெரிய ஆறுதல் என்றார்.

அவர் கடைசியாக விழுந்த வீடியோவைக் காட்ட ராத்தா தயங்கினாள். நோனாவே போனை வாங்கித் தட்டினார். நீ இறங்கப் போகிற அதே மலை. பாதி வழியில் ஒரு மேடு. அந்த மேட்டில் அவர் தூக்கி எறியப்பட்டார், பிறகு நடந்ததை நான் எழுதமாட்டேன். உன் உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் முழுக்கப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது அடுப்பில் சோறு அடிப்பிடித்திருந்தது.

அதைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. அவர் விழுந்த அன்று காலையே அந்த முழங்கால் வீங்கியிருந்ததாம். மேலே போய் நின்றபோது வெளிச்சம் மங்கி, மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லையாம். அவருக்குப் பயிற்சி கொடுத்தது அவருடைய வாப்பாதான். அவர் பாதி மலையில் நின்றிருக்கிறார். கடற்படைக்காரர்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே வோக்கிடோக்கி, அதுபோல ஒன்றில் நோனா கூப்பிட்டு, இன்றைக்கு வேண்டாமே என்று கேட்டாராம்.  பதிலுக்கு அவருடைய வாப்பா ஒரேயொரு சொல் சொன்னாராம். அந்தச் சொல்லை நோனா தன் மொழியிலேயே சொன்னார், இங்கிலீஷிலும் சொன்னார். ராத்தா அதைத் திருப்பிச் சொல்லாமல் முக்காட்டைச் சரிசெய்தாள். "என்னவாம், சொல்லேன்" என்று நான் அதட்டினேன்.

"போ எண்டு சொன்னாராம், வாப்பா."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஏன் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரியும். அவளும் அன்று பஸ் நிலையத்தில் நம்மோடு நின்றவள்தானே.

அந்த நாளைப் பற்றி இனிமேலாவது நேராக எழுதுகிறேன். நீ நோனாவின் ஊருக்குப் போகிறாய் என்று தெரிந்ததும் ஊரில் கதை கட்டினார்கள். வெள்ளைக்காரியோடு போகிறான் என்றார்கள். அவர் உன் உம்மாவைவிட மூத்தவர் என்பது எனக்குத் தெரியும். உன்னைத் தன் பிள்ளை போலத்தான் பார்த்தார் என்பதும் தெரியும். சலூனில் ஒருவன் என்னிடமே இளித்துக்கொண்டு கேட்டபோது அவனுடைய வாயை அடைத்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அவன்மேல் வரவேண்டிய கோபம் உன்மேல் வந்தது. நோனாவிடம் இனிக் குசினிக்குள் வர வேண்டாம் என்று சொன்னேன். அதனால்தான் அவர் நான்கு வருடம் இந்தப் பக்கம் வரவில்லை. கற்பிட்டியில் கடலுக்குப் போகிறவனும் கடைக்குப் போகிறவனும் "போறேன்" என்று சொல்லமாட்டான், "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வான். நிற்கிறவன் "போயிட்டு வா" என்பான். சண்டை பிடித்துக்கொண்டு கிளம்புகிறவனுக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்புவோம். வெறும் "போ" நாயை விரட்டுவதற்கு. நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, "வாப்பா, போயிட்டு வாறேன்" என்றாய். நான் கையை இழுத்துக்கொண்டு "போ" என்றேன். நீ கொஞ்சம் நின்றாய். மிச்சச் சொல்லுக்காகத்தான் நின்றாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் பஸ்ஸின் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோனாவின் வாப்பா அதற்குப் பிறகும் பல வருடம் உயிரோடு இருந்தாராம். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் பனியின்மேல் குற்றம் சொல்வாராம். பனி இறுகிக் கண்ணாடி போலாகிவிட்டது, யார் இறங்கியிருந்தாலும் விழுந்திருப்பார் என்பாராம். சாகும் வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் பனியைத்தான் சொன்னாராம். "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன், ஆனா அதக் குடுக்கிறதுக்கு அவர் கேக்கவே இல்ல எண்டு சொல்றா" என்று ராத்தா சொன்னபோது எனக்கு என் கதையையே கேட்டது போலிருந்தது. ஏனென்றால், ஏன் பிள்ளையை அப்படி அனுப்பினீர்கள் என்று உன் உம்மா கேட்கும்போதெல்லாம் நான் சொல்லிவந்த பதில் ஒன்று இருக்கிறது. "பஸ் எடுத்துட்டான், முழுசாச் சொல்ல நேரம் கிடைக்கல்ல." பஸ் எடுக்கவில்லை மகன். சாரதி அப்போது கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தான். நீ ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த பஸ் கால் மணி நேரம் அங்கேயே நின்றது. நீ யன்னலோரம் இருந்தாய். நான் யன்னலடிக்கு வரவில்லை. இந்த நாலு வரியை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் பிடித்தது. என்னை மன்னித்துக்கொள். நோனாவிடமும் கேட்டுவிட்டேன். அவர் குசினிக்குள் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, செதிள் உரிக்கிற கத்தியைக் கேட்டார்.

மலை எனக்குத் தெரியாது, கடல் தெரியும். நீ பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத சமயம், ஒருநாள் காலை மூன்று படகுகளாகக் கிளம்பினோம். வானம் தெளிவு, காற்று ஒழுங்கு. கரை மறைகிற இடத்தில் எனக்கு வயிறு கலங்கியது. ஒரு காரணமும் இல்லை. படகைத் திருப்பினேன். "என்ன, தொட்டில் ஆட்டப் போறியா?" என்று மற்றப் படகுக்காரன் கத்தினான். நான் வந்துவிட்டேன். அன்று கடல் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மற்ற இரண்டு படகும் சூரை மீனை நிரப்பிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தன. ஒரு மாதம் நான் கரையில் தலை குனிந்து நடந்தேன். நான் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றபோது உன் உம்மா ஏன் என்று கேட்கவில்லை. "வந்துட்டீங்கதானே, கையக் கழுவுங்க, சோறு போடுறேன்" என்றாள். இந்தக் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. அன்று புயல் அடித்து மற்றவர்கள் கவிழ்ந்திருந்தால் நூறு தடவை சொல்லிப் பெருமையடித்திருப்பேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சும்மா பயந்தேன், சும்மா திரும்பி வந்தேன், நீ வாப்பாவோடு வளர்ந்தாய்.

முதல் நாள் நான் உட்கார்ந்தது "போகாதே" என்று எழுதத்தான். அந்த மேட்டைப் பார்த்த எந்தத் தகப்பனும் அதைத்தான் எழுதுவான். உன் உம்மாவிடமும் சொன்னேன், வேண்டாம் என்று எழுதப் போகிறேன் என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அவன் ஒங்கட்ட அனுமதி கேக்கல்ல. மலையில ஏறுறதுக்கு அவன் யாரையும் கேக்கல்லத்தானே. அன்டைக்கு நீங்க பாதியில விட்டீங்களே, அந்த மிச்சத்தக் கேக்கிறான்" என்றாள். இத்தனை வருடம் நான் கடலைப் படித்தேன், பட்டக்காரர்களின் காற்றைப் படித்தேன், என் வீட்டு ஆட்களான உன்னையும் உன் உம்மாவையும் படிக்கவில்லை.

அந்த மலை உச்சியில் ஒரு பலகை வீடு இருக்கிறதாம். அதன் வாசலில் ஒருவன் நின்று, நேரம் பார்த்து, அவன் மொழியில் "போ" என்பானாம். அது அவனுடைய வேலை, அவனுக்கு அந்த ஒரு சொல் போதும். நான் சொல்வது அது இல்லை. உனக்கு இறங்க வேண்டும் போலிருந்தால் இறங்கு, நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருப்பேன். வெளிச்சம் மங்கினால், முழங்கால் நொந்தால், ஒரு காரணமும் இல்லாமல் வயிறு கலங்கினால், ஏறிப் போன அந்தக் கம்பிக் கதிரையிலேயே உட்கார்ந்து இறங்கி வா. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உலக சாம்பியனைப் பனி ஈரத்தில் சறுக்கி விழுந்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான், சிரிக்கிறவனுடைய அறிவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முதலாவதாக வந்தாயா கடைசியாக வந்தாயா என்று நான் கேட்கமாட்டேன். சறுக்கி வந்தாயா கதிரையில் வந்தாயா என்றும் கேட்கமாட்டேன். உம்மா சோறு போடுவாள்.

நாளை மறுநாள் நோனா பஸ் ஏறும்போது நான் யன்னலடிக்குப் போய் அவருக்கும் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லி அனுப்புவேன். உனக்குரியதை இங்கே எழுதுகிறேன். நான்கு வருடம் பிந்திவிட்டது, அன்று நீ நின்று காத்திருந்த இடத்தில் இதை வைத்துக்கொள்.

மகன், போயிட்டு வா.